தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?



2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அந்நகரிலுள்ள மரியா லெங்க் நீர்விளையாட்டு அரங்கில், திறந்த வானத்தின் கீழ், இரண்டு பெரிய குளங்கள் அருகருகே இருந்தன. ஒன்று உயரமான மேடையிலிருந்து பாய்ந்து குதிக்கும் போட்டிக்கு உரியது. மற்றொன்று நீர்ப்பந்தாட்டத்திற்கும், இசைக்கேற்ப அணியாக நீந்தும் போட்டிக்கும் உரியது. தொடக்கத்தில் இரண்டும் நீலமாகத்தான் இருந்தன. ஆகஸ்டு 9ஆம் நாள் குதிகுளத்து நீர் பச்சையாக மாறிவிட்டது! மறுநாள் பக்கத்துக் குளமும் பச்சை பிடிக்கத் தொடங்கியது. வீரர்கள் வேறு வழியின்றி அந்தப் பச்சை நீரிலேயே குதித்தார்கள், பதக்கமும் பெற்றார்கள். உலகமே தொலைக்காட்சியில் பார்த்து வியந்தது, சிரித்தது.

நான் அன்று சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நானும் சிரித்தேன். ஆனால் பின்னால் ஒரு நாள், எங்கள் ஊரிலேயே, தெள்ளத்தெளிந்த நீல நீர் ஒன்று என்னை நன்றாகத் தலைகுனிய வைத்தது. அதன் பிறகு ரியோ நகரத்துப் பச்சை நீரைப் பற்றி என் எண்ணமே மாறிவிட்டது. 'பச்சை நீரைக் கண்டு நாம் அளவுக்கு மீறி அஞ்சுகிறோம். தெளிந்த நீரை அளவுக்கு மீறி நம்புகிறோம்' என்பதே இப்போது என் கருத்து. அதை உங்களிடம் வாதாடி நிலைநாட்டவே இக்கட்டுரை.

ஒரு கணக்குப் போடுவோம்

ரியோவில் நீர் ஏன் பச்சையாயிற்று? முதலில் அமைப்பாளர்கள், 'வெப்பத்தாலும் காற்றில்லாமையாலும் பாசி பெருகிவிட்டது' என்றார்கள். பிறகு, 'நீரின் காரத்தன்மை திடீரெனக் குறைந்துவிட்டது' என்றார்கள். உலக நீச்சல் கூட்டமைப்போ, 'நீரைத் தூய்மை செய்யும் வேதிப்பொருள்கள் சில தீர்ந்து போயின' என்று அறிவித்தது. இடையில் ஒரு பேச்சாளர், வேதியியல் ஒன்றும் துல்லியமான அறிவியல் அன்று என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்! இறுதியாக ஆகஸ்டு 13ஆம் நாள் உண்மை வெளிவந்தது. போட்டிகளின் தொடக்க விழா நாளான ஆகஸ்டு 5 அன்று, ஏற்கெனவே குளோரின் இருந்த நீரில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டிருந்தது.

ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல கிருமிக்கொல்லி. புண் கழுவப் பயன்படுகிறது. குளோரினும் நல்ல கிருமிக்கொல்லி. இரண்டையும் சேர்த்தால் இரு மடங்கு நன்மை கிடைக்கும் என்று யாரோ எண்ணியிருக்க வேண்டும். ஆனால் இவ்விரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக் கொள்ளும். பெராக்சைடும் குளோரினும் வினைபுரிந்து ஆக்சிஜனும், நீரும், சாதாரண குளோரைடு உப்பில் உள்ள குளோரைடும் உண்டாகின்றன. குளோரைடுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை. நம் வீட்டுச் சமையல் உப்பில் இருப்பதும் அதுதான்.

வேதியியல் துல்லியமான அறிவியலா, இல்லையா என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள். 34 கிராம் ஹைட்ரஜன் பெராக்சைடு 71 கிராம் குளோரினை அழிக்கும். மூலக்கூறு எடைகளைக் கூட்டிப் பார்த்தால் இந்த எண்கள் கிடைத்துவிடும். ரியோவில் பெரிய குளத்தில் இருந்த நீர் 37,25,000 லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டால், குளம் முழுவதிலும் இருப்பது 3,725 கிராம். அதாவது நான்கு கிலோவுக்கும் குறைவு. இப்போது பெராக்சைடுக்கு வருவோம். அது எவ்வளவு செறிவுள்ளது என்ற ஆராய்ச்சியே நமக்கு வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல்தான் என்றே கொள்வோம். 80 லிட்டரில் 2.4 கிலோ பெராக்சைடு இருக்கும். அது அழிக்கக் கூடிய குளோரின் எவ்வளவு? ஏறத்தாழ 5 கிலோ! ஆக, மிகவும் நீர்த்த கரைசலாக இருந்தாலும் அந்தப் பெரிய குளத்தின் குளோரின் முழுவதையும் தீர்த்துக்கட்ட அதுவே போதும்.

பார்த்தீர்களா? ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு துண்டுத் தாளில் போடக் கூடிய கணக்கு இது. தவறு வேதியியலில் இல்லை. ஊற்றுமுன் கணக்குப் போடாததில்தான் தவறு.

கடைசியில் என்ன செய்தார்கள்? அணி நீச்சல் போட்டிக்கு நீருக்கு அடியில் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும். எனவே பெரிய குளத்தின் நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்தின் நீரைக் கொண்டு நிரப்பினார்கள். ஒரு தாளில் போட வேண்டிய கணக்கைப் போடாததற்கு 37 லட்சம் லிட்டர் நீர் விலையாயிற்று.

பாசி எப்படிப் பெருகுகிறது?

பாசி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அது எங்கும் இருக்கிறது. காற்றில், தூசியில், மழைத்துளியில், நீந்துபவரின் உடையில் அதன் நுண்ணிய உயிரணுக்கள் வந்து கொண்டேயிருக்கின்றன. அதற்கு வேண்டியவை சூரிய ஒளி, கரியமில வாயு, சிறிதளவு நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள். திறந்தவெளிக் குளத்தில் இவற்றில் எதற்கும் பஞ்சமில்லை. குளோரின் ஒன்றுதான் காவற்காரன். காவற்காரன் போய்விட்டால் வீடு திறந்த வீடுதான்.

உங்கள் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் தொட்டிகள் கறுப்பாக இருக்கின்றன அல்லவா? ஒளி உள்ளே புகாவிட்டால் பாசி வளராது என்பதே காரணம். மூடி உடைந்து கிடக்கும் தொட்டியின் உட்சுவரில் பச்சை படிவதும் அதனாலேதான்.

பாசியின் பெருக்கம் கூட்டலன்று, பெருக்கல். நல்ல வெயிலும் வெப்பமும் இருந்தால் ஒரே நாளில் இரட்டிக்கும் இனங்கள் உண்டு. இன்று ஒன்று, நாளை இரண்டு, மறுநாள் நான்கு என்று போனால், பத்து நாள் கழித்து 1,024! பத்தாம் நாள் குளம் முழுதும் பச்சை என்றால், ஒன்பதாம் நாள் அதில் பாதிதான். ஏழாம் நாள் எட்டில் ஒரு பங்கு. அப்போது நம் கண்ணுக்கு நீர் 'சற்றே மங்கல்' என்றுதான் தோன்றும். அதனால்தான் எல்லாரும் 'நேற்றுவரை நன்றாக இருந்தது. திடீரென்று பச்சையாகிவிட்டது' என்கிறார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. நம் கண்தான் திடீரென்று விழித்துக் கொண்டது.

இதிலே இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. அதை விளங்கிக் கொள்ளப் பி.எச். எண் என்றால் என்ன என்பதை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். குளோரினை நீரில் இட்டதும் அது இரண்டு உருவங்களில் நிற்கிறது. ஒன்று ஹைபோகுளோரஸ் அமிலம். மற்றொன்று ஹைபோகுளோரைட் அயனி. முதலாவது வீரன். இரண்டாவது பெயரளவில்தான் வீரன். கிருமியைக் கொல்வதில் முதலாவதற்குப் பல மடங்கு பின்தங்கியது. பி.எச். எண் 7.5 ஆக இருக்கையில் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. அதுவே 6.5 ஆனால் பத்தில் ஒன்பது பங்கு வீரர்கள். 8.5 ஆனாலோ பத்தில் ஒரு பங்குதான் வீரர்கள்! குளோரின் அதே அளவுதான். பயனோ பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

இப்போது பாசியின் சூழ்ச்சியைக் கேளுங்கள். ஒளிச்சேர்க்கைக்காகப் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. நீரில் கரைந்த கரியமில வாயு ஒரு மென்மையான அமிலம். அது குறையக் குறையப் பி.எச். எண் ஏறுகிறது. பி.எச். எண் ஏற ஏறக் குளோரின் வலுவிழக்கிறது. குளோரின் வலுவிழக்கப் பாசி மேலும் பெருகுகிறது. பாசி பெருகப் பி.எச். மேலும் ஏறுகிறது! சரிவில் உருளும் கல் போல, தொடங்கிவிட்டால் தானே வேகம் பிடிக்கும் நிகழ்ச்சி இது. இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொடக்கத்திலேயே தடுப்பது எளிது. நடுவில் தடுப்பது அரிது. தொடக்கத்தைக் கண்ணால் காண முடியாது. அளவையால் மட்டுமே காண முடியும்.

நான் கற்ற பாடம்

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். என் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது கோடை விடுமுறையில் நீச்சல் கற்கப் போனாள். குளம் நீலமாகப் பளிச்சென்று இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஓடுகளை எண்ணலாம். ஆனால் அவள் வீடு திரும்பும்போதெல்லாம் கண் சிவந்திருக்கும். உடம்பில் நெடி அடிக்கும். "ஏம்ப்பா இப்படி எரியுது?" என்று கேட்டாள். "குளோரினை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள், அம்மா. கிருமி இல்லை என்று பொருள். கவலைப்படாதே" என்று தைரியம் சொன்னேன். இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவனின் தீர்ப்பல்லவா?

இரண்டாம் வாரம் அவளுக்குக் காது வலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அவை குளத்தால்தான் வந்தன என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு புட்டியில் குளத்து நீரை எடுத்துச் சென்று எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பரிடம் கொடுத்தேன். அவர் சோதித்துவிட்டுச் சிரித்தார். கட்டற்ற குளோரின், அதாவது கிருமியைக் கொல்ல ஆயத்தமாக நிற்கும் குளோரின், ஏறத்தாழ இல்லை! பி.எச். எண்ணோ 8க்கு மேல்! அப்படியானால் அந்த நெடி? அது குளோரமீன் என்னும் சேர்மத்தின் நெடி. நீந்துபவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாவது அது. கண்ணை எரிப்பதும் பெரும்பாலும் அதுவே. 'குளோரின் நெடி பலமாக அடித்தால் நீர் சுத்தம்' என்பது எத்தனை பெரிய தவறு! உண்மையில், குளோரின் போரிட்டுத் தீர்ந்து போனதன் அடையாளமாகவே அது பல நேரங்களில் இருக்கிறது.

நான் கோபத்தோடு குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் போனேன். "அண்ணே, தண்ணீரில் குளோரினே இல்லையே! பிறகு எப்படிப் பாசி பிடிக்காமல் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"மயில்துத்தம் போடறோம், சார்" என்றார் அவர் அமைதியாக.

செப்பு சல்பேட்! அது பாசியை நன்றாகக் கொல்லும். ஆனால் நோய்க்கிருமிகளிடம் குளோரினைப் போல விரைந்து வேலை செய்யாது. பாசி இல்லை, கிருமிக்குத் தடையும் இல்லை. பார்ப்பதற்கு நீலம்! நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்:

"தண்ணி பச்சையானா பத்துப் பேர் வந்து சத்தம் போடுவாங்க, சார். நீலமா இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பதினோரு வருஷமா இங்க இருக்கேன். அளவு எவ்வளவுன்னு கேட்ட மொத ஆள் நீங்கதான். அளந்து பாக்கிற பெட்டியே எங்ககிட்ட கிடையாது."

என் கோபம் முழுவதும் என் பக்கமே திரும்பிவிட்டது. அவர் சொன்னது எவ்வளவு உண்மை! நாம் நிறத்தைக் கேட்கிறோம். அவர்கள் நிறத்தைக் கொடுக்கிறார்கள். நாம் அளவைக் கேட்டிருந்தால் அளவைக் கொடுத்திருப்பார்கள். குற்றம் அவருடையது மட்டுமா?

கண்ணுக்குத் தெரியாத பகைவர்கள்

பாசி பார்க்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் நீச்சல் குளத்தில் சாதாரணமாக வளரும் பச்சைப்பாசி தானாக நோய் தருவதில்லை. நோய் தருபவை கண்ணுக்குத் தெரியாதவை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் கட்டற்ற குளோரின், பி.எச். 7.5, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்ற நிலையில், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்திற்குள் மடிகிறது. மஞ்சட்காமாலையின் ஒரு வகையைத் தரும் வைரசுக்குச் சுமார் 16 நிமிடம் தேவை. ஜியார்டியா என்னும் ஒற்றைச்செல் உயிரிக்குச் சுமார் 45 நிமிடம். கிரிப்டோஸ்போரிடியம் என்பதோ பத்து நாளுக்கு மேலும் தாக்குப் பிடிக்கிறது! குளோரின் சரியாக இருக்கும்போதே இந்த நிலை. குளோரின் இல்லாத நீல நீரில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

2024, 2025ஆம் ஆண்டுகளில் நம் அண்டை மாநிலமான கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பல உயிர்களைப் பறித்தது; இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. இந்நோய் தரும் அமீபாக்களில் ஒன்று வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கின் வழியாக ஏறி மூளையை அடைவது. முறையாகக் குளோரின் இட்ட நீரில் அது பிழைத்திருக்க முடியாது. குளோரின் இல்லாத நீர் எத்தனை தெளிவாக இருந்தாலும் அதற்குத் தடை சொல்லாது.

அப்படியானால் பச்சை நீரால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு வகையானது. பாசி குளோரினைத் தின்று தீர்த்துக் கிருமிகளுக்கு வழிவிடுகிறது. சுவரிலும் படியிலும் வழுக்குகிறது. எல்லாவற்றையும்விடக் கொடியது, அது அடித்தளத்தை மறைத்துவிடுகிறது. இது இயற்பியல்; என் துறை. பாசியின் உயிரணுக்கள் ஒளி அலையின் நீளத்தைவிடப் பெரியவை. அவை ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. ஒரு மீட்டர் நீர் ஒளியில் பாதியைத்தான் விடுகிறது என்று கொள்வோம். மூன்று மீட்டர் ஆழத்திற்கு எட்டில் ஒரு பங்கு போய்ச் சேரும். அங்கே கிடக்கும் பொருளில் பட்டுத் திரும்பி நம் கண்ணை எட்டுகையில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு! ஆழமற்ற பகுதியில் 'கொஞ்சம் மங்கல்' என்று தோன்றும் அதே நீர், ஆழத்தில் ஒரு திரையாகி விடுகிறது.

2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃபால் ரிவர் என்னும் ஊரின் பொதுக் குளத்தில் ஒரு பெண்மணி மூழ்கி இறந்தார். நீர் அவ்வளவு கலங்கியிருந்தது. அவர் உடல் அடியில் கிடக்க, ஏறத்தாழ இரண்டு நாட்கள் மற்றவர்கள் மேலே நீந்திக் கொண்டிருந்தார்கள்! யாருக்கும் தெரியவில்லை. உயிர்காப்போர் இருந்தும் பயனில்லை. இதைப் படித்த பிறகு, ஆழமான இடத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரியாத எந்தக் குளத்திலும் யாரையும் இறங்க விடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆக, கலங்கிய நீர் நிச்சயமாகத் தீயது. தெளிந்த நீர் நல்லதாகவும் இருக்கலாம், தீயதாகவும் இருக்கலாம். கண் நமக்குப் பாதித் தீர்ப்புத்தான் சொல்லும். மீதிப் பாதியை அளவைதான் சொல்ல வேண்டும்.

பாசியை எதிர்கொள்ளும் முறை

பாசி வந்துவிட்டால் என்ன செய்வது? பலரும் செய்வது, கைக்குக் கிடைத்ததைக் கொட்டுவது. அறிவியல் முறை வேறு.

முதலில் அளக்க வேண்டும். பி.எச். எண் ஏறியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் குளோரினைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போன்றது. அதை 7.2 முதல் 7.6 வரை கொண்டுவந்த பின், சுவரையும் தரையையும் தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் பாசிப்படலத்தின் உள்ளே குளோரின் எளிதில் புகாது. பிறகு வழக்கமான அளவைப் போல் பல மடங்கு குளோரினை ஒரே முறையில் இட வேண்டும். அதை மாலையில் இடுவது நல்லது. ஏன் தெரியுமா? சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் குளோரினைச் சிதைத்துவிடும். வெயிலில் இட்டால் பாதிக் குளோரின் சூரியனுக்கே காணிக்கை! இரவு முழுவதும் வடிகட்டி ஓட வேண்டும். மடிந்த பாசி வடிகட்டியை அடைத்துக் கொள்ளுமாகையால் அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும். குளோரின் அளவு மீண்டும் இயல்புக்கு இறங்கும் வரை எவரும் நீரில் இறங்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவை பயிற்சி பெற்ற பெரியவர்கள் செய்ய வேண்டிய பணிகள். நீங்கள் விளையாட்டாகக் கூட இப்பொருள்களைத் தொடாதீர்கள். சலவைத் தூளோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே போர்முனையில் நச்சுப் புகையாக ஏவப்பட்ட அதே வாயுதான் அது.

இரண்டு மறுப்புகள்

"குளோரின் நச்சு என்கிறீர்கள், பிறகு அதையே போடச் சொல்கிறீர்களே!" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. எந்தப் பொருளும் நச்சா, மருந்தா என்பதை அளவே முடிவு செய்கிறது. நம் குடிநீரில் கட்டற்ற குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நாம் அதைக் குடித்துக் கொண்டுதான் இருக்கிறோம். குளோரினை வெறுப்பதும் தவறு; கொட்டுவதும் தவறு. இரண்டும் அளவை மறந்தவர்களின் செயல்.

"பலகையில் அளவை எழுதி வைக்கச் சொன்னால் பொய்யாக எழுதி வைப்பார்கள்" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் இது எவரும் சரிபார்க்கக் கூடிய பொய். ஒரு சிறு குழாயில் நீரை எடுத்து டி.பி.டி. என்னும் மாத்திரையைப் போட்டால், கட்டற்ற குளோரின் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். பினால் சிவப்புக் கரைசல் பி.எச். எண்ணைக் காட்டும். சோதனைப் பெட்டியின் விலை சில நூறு ரூபாய்தான். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஆர்த்தோடாலிடின் சோதனை மட்டும் இதற்குப் போதாது. அது பயனுள்ள குளோரினையும் பயனற்ற குளோரமீனையும் சேர்த்தே காட்டிவிடும். எங்கள் குளத்தில் அந்தச் சோதனையைச் செய்திருந்தால், 'எல்லாம் நலம்' என்றே தோன்றியிருக்கும்!

ஆகவே என் கோரிக்கை மிக எளியது. பள்ளி, கல்லூரி, ஊராட்சி, தனியார் என எவருடைய நீச்சல் குளமாயினும், நுழைவாயிலில் ஒரு கரும்பலகை தொங்க வேண்டும். அதில் நாள்தோறும் மூன்று செய்திகள் எழுதப்பட வேண்டும்: கட்டற்ற குளோரின் எவ்வளவு, பி.எச். எண் எவ்வளவு, ஆழமான பகுதியின் அடித்தளம் தெளிவாகத் தெரிகிறதா? குளோரின் 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும், பி.எச். 7.0 முதல் 7.8க்குள்ளும் இருந்தால் இறங்கலாம். இல்லாவிட்டால் நீர் எவ்வளவு நீலமாக இருந்தாலும் வீடு திரும்பலாம்.

எங்கள் ஊர்க் குளத்திற்கு நானும் இன்னும் சில பெற்றோரும் சேர்ந்து ஒரு சோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். பலகையும் மாட்டியாயிற்று. சில நாட்களில் அதில் ஒன்றும் எழுதப்படுவதில்லை என்பதும் உண்மை. அந்த நாட்களில் என் மகளே போய், "தாத்தா, இன்னிக்கு அளவு எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறாள். அவரும் சிரித்துக்கொண்டே குழாயைக் கையில் எடுக்கிறார். பதினோரு ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வியை இப்போது ஒரு சிறுமி கேட்கிறாள், அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்த மாற்றம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவ நண்பர்களே! நீங்களும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஏதேனும் ஒரு குளத்து நீரை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளால் முழுதும் சுற்றிவிடுங்கள். இரண்டையும் வெளிச்சம் படும் சன்னலோரம் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில், புட்டிக்குப் பின்னால் அச்செழுத்துத் தாளைப் பிடித்து எழுத்துகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்று குறித்து வாருங்கள். பல நாட்கள் எந்த வேறுபாடும் தெரியாது. பிறகு ஒரு நாள், 'திடீரென்று' ஒன்று பச்சையாகும். அன்று உங்கள் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். அது திடீரென்று நடந்ததா, இல்லையா என்பதை உங்கள் எண்களே உங்களுக்குச் சொல்லும்.